சென்ச்சா: சொல்லும் பொருளும்

ஜப்பானில் ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ விருந்தாளியாகப் போனால், முதலில் நீட்டப்படும் கோப்பையில் பெரும்பாலும் இருப்பது சென்ச்சா. தேயிலைக் கொழுந்தைப் பறித்த கையோடு நீராவியில் அவித்து, உருட்டி, உலர்த்தி எடுத்த இலைக்கு இந்தப் பெயர். அந்த இலையைச் சூடான நீரில் ஊறவைத்து வடித்த பானத்துக்கும் இதே பெயர்தான். மாச்சா வேறு. அதில் இலையையே மாவாக அரைத்து, நீரில் அடித்துக் கலக்கி, தூளோடு சேர்த்துக் குடிக்கிறார்கள். சென்ச்சாவில் இலை கெண்டியிலேயே தங்கிவிடும், சாரம் மட்டும் கோப்பைக்கு வரும்.

சொல்லைப் பிரித்தால் சென் + சா. ‘சா’ சீனத்திலிருந்து போன சொல். மலையாளத்துச் சாயாவும் இந்தியில் சொல்லும் சாயும் இதன் உறவுகள். நம் தேயிலையிலும் தேநீரிலும் உள்ள ‘தே’ அதே செடிக்குப் புகியன் கடற்கரைச் சீனர்கள் சொன்ன பெயர், கப்பல் வணிகத்தின் வழியாக வந்தது. ‘சென்’தான் சுவாரசியமான பாதி. அதைக் குறிக்கும் எழுத்தின் அடியில் நான்கு புள்ளிகள் இருக்கும். அவை நெருப்பைக் காட்டுபவை. வறுப்பது, நீரிலிட்டுச் சாரம் இறங்கக் காய்ச்சுவது என்று இரண்டு வேலைக்கும் ஜப்பானியர் இந்த ஓர் எழுத்தையே எழுதுகிறார்கள். சுட்ட அரிசி வில்லையான சென்பெய்யில் இருப்பதும் இதுதான். மூலிகை மருந்து காய்ச்சுவதைச் சொல்லும் ‘சென்ஜிரு’ என்ற வினையும் இதிலிருந்து பிறந்ததுதான்.

ஆக, எழுத்துப்படி சென்ச்சா என்றால் ‘காய்ச்சிய தேநீர்’. ஆனால் இன்றைய சென்ச்சாவை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசக்கும். பெயர் ஒன்றும் செய்முறை இன்னொன்றுமாக ஆனதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஜப்பானில் தேநீர் அருந்தியதற்கான மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுவது 815ஆம் ஆண்டுக் குறிப்பு. பிவா ஏரிப் பக்கம் போன சாகா பேரரசருக்கு, சீனாவில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய எய்ச்சூ என்ற துறவி தம் கையாலேயே தேநீர் காய்ச்சிக் கொடுத்தார் என்கிறது அது. அந்த வரியில் இருப்பவை சென்னும் சாவும் எழுதும் அதே இரண்டு எழுத்துகள். ஆனால் அங்கே அது ஒரு பானத்தின் பெயராக வரவில்லை, ‘தேநீரைக் காய்ச்சி’ என்று வினையும் செயப்படுபொருளுமாக வருகிறது. அக்காலத்துச் சீனர் தேயிலையை உண்மையிலேயே அடுப்பில் வைத்துக் காய்ச்சித்தான் குடித்தார்கள், அதனால் அப்போது சொல் பொய்யில்லை.

பிறகு எய்சாய் என்ற ஜென் பௌத்தத் துறவி 1191இல் சீனாவிலிருந்து திரும்பியதை ஒட்டித் தூள் தேநீர் பரவியது. மடங்களும் பிரபுக்களும் அதைச் சடங்காகவே வளர்த்தார்கள். இலையை ஊறவைத்துக் குடிக்கும் மிங் காலத்துச் சீன வழக்கத்தை 1654இல் ஜப்பான் வந்த இங்கென் என்ற துறவியும் அவருடைய சீடர்களும் கொண்டுவந்தார்கள். கியோட்டோவை அடுத்த உஜியில் இங்கென் நிறுவிய மம்புக்குஜி மடம் இன்றும் சென்ச்சா மரபின் மையமாக இருக்கிறது. அந்த மரபில் வந்த பைசாவோ, மடத்தை விட்டு வெளியேறி, கியோட்டோவின் அழகான இடங்களில் அடுப்பும் கெண்டியுமாக உட்கார்ந்து, வழிப்போக்கர்களுக்குத் தேநீர் விற்றார். ‘பைசாவோ’ என்றாலே ‘தேநீர் விற்கும் முதியவர்’ என்றுதான் பொருள். தேநீர்ச் சடங்கின் ஆடம்பரத்தை அவர் ஒதுக்கிவைத்தார், எளிமையாகக் குடித்தால் போதும் என்று வாழ்ந்தே காட்டினார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான்.

இலை மாறியது 1738இல். உஜிதவராவைச் சேர்ந்த நாகாதானி சோஎன் என்ற விவசாயி, இளங்கொழுந்தை மட்டும் நீராவியில் அவித்து, அடியில் கணப்பு வைத்த மேடைமேல் கையால் உருட்டி உருட்டி உலர்த்தினார். அதுவரை சாதாரண மக்கள் குடித்தது முற்றிய இலையைக் கொதிக்கவைத்த பழுப்புநிறத் தேநீர். இவருடைய இலையோ பசுமை மாறாமல், ஊசிபோல் மெலிந்து, வெந்நீர் பட்டாலே சாரத்தை விட்டது. எதோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) யாமாமோட்டோ காஹெய் என்ற வணிகர் அதை விற்று நாடறியச் செய்தார். காய்ச்ச வேண்டிய தேவையே போய்விட்டது, பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நீராவி ஏன் என்று கேட்கலாம். பறித்த இலை சும்மா கிடந்தால் அதிலுள்ள நொதிகள் வேலை செய்து இலையைக் கறுக்க வைக்கும், அந்த வழியில் போனால் கிடைப்பது நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலை. சீனர்கள் அந்த நொதிகளைச் சூடான வாணலியில் வறட்டி நிறுத்துகிறார்கள், ஜப்பானியர் ஆவியில் நிறுத்துகிறார்கள். சாதாரண சென்ச்சாவுக்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிட ஆவி போதும். அதைவிட நீட்டினால் இலை நொறுங்கி, சாரம் கெட்டியாக இறங்கும். அதற்குப் புகாமுஷி என்று பெயர்.

இனி ஊறவைப்பது. இலையில் இனிப்பும் குழைவும் தரும் தியனைன் மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டெச்சினும் காஃபீனும் சூடு ஏற ஏறத்தான் வேகமாக இறங்கும். அதனால் நல்ல சென்ச்சாவுக்கு 70 முதல் 80 பாகை நீர், உயர்ந்த வகைத் தேயிலையான கியொகுரோவுக்கு 50, 60 பாகை. முற்றிய இலையான பஞ்சாவுக்கும் வறுத்த ஹோஜிச்சாவுக்கும் மட்டும் கொதிநீரைத் தயங்காமல் ஊற்றலாம்.

வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 பாகை குறையும். இதற்கென்றே யுசாமஷி என்ற வாய் வைத்த சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், கோப்பைகளிலேயே ஊற்றி ஆறவைத்தாலும் சரி, கோப்பையும் சூடாகிவிடும். கெண்டிக்குப் பெயர் கியூசு. மூக்குக்கு எதிரே அல்லாமல் பக்கவாட்டில் கைப்பிடி துருத்தி நிற்கும், தொக்கொநாமே ஊரின் செம்மண் கியூசு பேர்போனது. 5 கிராம் இலைக்கு 150 மில்லி நீர், ஒரு நிமிடம். இடையில் குலுக்கவோ கலக்கவோ வேண்டாம்.

மூன்று கோப்பை இருந்தால் ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. 1, 2, 3 என்று கொஞ்சம் ஊற்றி, அப்புறம் 3, 2, 1 என்று திரும்ப வேண்டும். முதலில் வருவது வெளிறியது, கடைசியில் வருவது கெட்டி. இப்படி ஊற்றினால்தான் எல்லாருக்கும் ஒரே நிறம். கடைசிச் சொட்டுவரை வடிய வேண்டும். மிச்சம் நின்றால் இலை ஊறிக்கொண்டே இருந்து இரண்டாவது ஊற்றைக் கெடுத்துவிடும். இரண்டாவதற்கு இன்னும் சூடான நீர், சில நொடிகள் போதும், இலை ஏற்கெனவே விரிந்திருக்கிறது. கோப்பையை விளிம்புவரை நிரப்புவதில்லை, முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிறுத்துகிறார்கள். பாலும் சர்க்கரையும் கிடையாது, வேண்டுமானால் பக்கத்தில் ஓர் இனிப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பசுந்தேயிலை’ என்று எழுதுபவர்கள் உண்டு. நீலகிரியில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தோட்டத்தில் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் ஈர இலைதான் அங்கே பசுந்தேயிலை, விவசாயிகள் விலை கேட்டுப் போராடுவதும் அதற்குத்தான். அதைக் குழப்ப வேண்டாம். பானத்துக்குப் ‘பசுந்தேநீர்’ நன்றாகப் பொருந்தும், ஆனால் அது கிரீன் டீ என்ற முழுக் குடும்பத்துக்குமான பெயர், சீன வகைகளும் மாச்சாவும் அதில் அடங்கும். ‘கஷாயம்’, ‘குடிநீர்’ இரண்டும் எழுத்துப்பொருளுக்கு மிக நெருக்கம். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சுவதும் சென்ஜிருவும் ஒரே செயல். ஆனால் அப்படிப் பெயர் வைத்தால் படிப்பவர் அடுப்பில் ஏற்றிவிடுவார்.

செய்முறையைச் சொல்லும் சொல்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஊறுகாய் போல, சுடுநீர் போல, வினைத்தொகையாக ‘ஊறுதேநீர்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். வினைத்தொகை என்பதால் நடுவே ‘த்’ மிகாது. வெறும் ‘ஊறல்’ வேண்டாம், செய்தித்தாளில் அது சாராய வழக்கோடு ஒட்டிப்போய்விட்டது. குறிப்பிட்ட வகையைச் சொல்லும்போது சென்ச்சா என்ற பெயரையே வைத்துக்கொள்ளலாம், ‘சென்ச்சா என்னும் ஜப்பானிய ஊறுதேநீர்’ என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். எழுத்துக்கூட்டிலும் கவனம் வேண்டும். ‘சென்சா’ என்றால் ஒலி ‘ஸா’ பக்கம் சாயும், ‘செஞ்சா’ என்றால் பேச்சுத் தமிழில் ‘செய்தால்’ ஆகிவிடும். ‘ச்’ சேர்த்துச் ‘சென்ச்சா’ என்று எழுதினால் ஜப்பானிய ஒலி கிட்டத்தட்ட அப்படியே வரும்.