ஞாபகசக்தி டொனிக் கேட்டு வரும் பெற்றோருக்கு

"டொக்டர், ஞாபகசக்திக்கு ஏதாவது டொனிக் எழுதித் தாங்கோ." இதைக் கேட்காத வாரம் இப்போதெல்லாம் இல்லை. கடைசியாக வந்தவன் தரம் 4 படிக்கிற வெள்ளவத்தைப் பையன். கொப்பியை விரித்தால் பத்து நிமிடம் இருக்கமாட்டானாம், வாசித்தது உடனே மறந்துபோகுமாம். கண், காது பார்த்தேன், இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் சோதித்தேன். இந்த மூன்றையும் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் 'கவனமில்லாதவன்' என்று பெயர் வைக்கக்கூடாது. எல்லாம் சரியாகவே இருந்தது.

அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். விடிய ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வான். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சாப்பாடு, மூன்று மணிக்கு டியூசன், ஆறரைக்கு வீடு, ஹோம்வேர்க், பத்து மணி தாண்டிப் படுக்கை. விளையாடுவது எப்போது என்று கேட்டேன். "ஸ்கொலர்ஷிப் முடியட்டும் டொக்டர்" என்றார் அம்மா.

அந்தத் தரம் 5 புலமைப்பரிசில் சோதனைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை ஒன்பது வயதுப் பிள்ளை ஓடக்கூடாதா?

விளையாடினால் களைத்துப்போவான், களைத்தால் படிக்கமாட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இது பிழை. ஓடிய களைப்பு, தண்ணீர் குடித்துச் சற்று இருந்தால் போய்விடும். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வருகிற சோர்வு அப்படிப் போகாது. அதோடுதான் பிள்ளை பென்சிலைக் கடிக்கிறான், காலை ஆட்டுகிறான், பத்துத் தரம் தண்ணீர் குடிக்க எழும்புகிறான். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு வகுப்பில் சேர்க்கிறீர்கள்! அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், 20 நிமிடம் நடந்த பிறகு ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் கவனமும் வாசிப்பு விளக்கமும் மேம்பட்டதை 2009இல் காட்டினார்கள். அதே குழு 2014இல், 7 முதல் 9 வயது வரையான 221 பிள்ளைகளை வைத்து ஒன்பது மாத ஆய்வொன்றை வெளியிட்டது. பள்ளி விட்டபின் ஓடி விளையாடிய பிள்ளைகள், கவனம் சிதறாமல் இருப்பதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் மற்றவர்களை விட முன்னேறியிருந்தார்கள். ஓடினால் புள்ளி கூடும் என்று நான் வாக்குத் தரவில்லை. இருந்து படிக்கிற பழக்கம் வருவதற்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறேன்.

கோடுகளில் நின்று மறிப்பவர்களிடம் பிடிபடாமல் கடந்துபோகிற கிளித்தட்டையே எடுங்கள். மறிப்பவன் எந்தக் கோட்டில் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும், அவசரப்படாமல் பொறுக்க வேண்டும், பிடிபட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்குப் பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்வதற்கும் அதே பொறுமைதான் வேண்டும்.

சனிக்கிழமை கிரிக்கெட் பயிற்சி மட்டும் போதாது. 5 முதல் 17 வயதுக்கு, ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழும்பில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஆகவே நாலரை மணிக்குப் பிறகு டியூசன் வைக்காமல் அந்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் கார் நிறுத்துமிடத்தில், வாகனம் வராத மூலையாகப் பார்த்து, சோக்கால் கோடு போட்டுக்கொடுங்கள். கிழமையில் ஒரு நாளாவது காலி முகத்திடலுக்குக் கூட்டிப்போங்கள். மழை என்றால் வீட்டுக்குள்ளே கயிறு அடிக்கட்டும், பாட்டுப் போட்டு ஆடட்டும். விடிய ஆறு மணிக்கு வான் என்றால் எட்டு மணிக்கே படுக்கவையுங்கள், இந்த வயதுக்கு 9 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும்.

ஆசிரியர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஹோம்வேர்க் செய்யவில்லை என்று இன்டர்வலைப் பறிக்காதீர்கள், விளையாட்டுப் பாடத்தில் கணக்குச் செய்விக்காதீர்கள். அடங்கி இருக்க முடியாத பிள்ளைக்குத்தான் அந்த நேரம் எல்லோரையும் விட அவசியம்.

தொய்வு (ஆஸ்துமா) இருக்கிற பிள்ளையையும் வீட்டில் பூட்டிவைக்க வேண்டாம். மருந்து ஒழுங்காக எடுத்தால் அவனும் ஓடலாம், இன்ஹேலர் பம்ப் மட்டும் கையோடு இருக்கட்டும். ஓடும்போது நெஞ்சு நோகிறது, மயக்கம் வருகிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.