ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு: வைஃபை வரவில்லை என்று ஃபார்மட் போடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு லேப்டாப் அப்படித்தான் வந்தது. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பெண்ணுடையது. ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் வைஃபை அடையாளத்தைக் காணோம், அந்த இடத்தில் ஒரு உருண்டை மட்டும் நிற்கிறது. வேறொரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "வைஃபை கார்டு போயிருக்கும், எதற்கும் ஒரு தடவை ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லி, டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றியும் விட்டார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மொத்தமும் போச்சு. வைஃபை வந்தது, இரண்டு நாள் கழித்து மறுபடியும் காணாமல் போனது. என்னிடம் வந்தபோது நான் முதலில் செய்தது வெறும் ரீஸ்டார்ட். வைஃபை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஹைபர்னேட் என்றால், மெஷின் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துகொள்வது. அதிலிருந்து எழும்போது வைஃபை மட்டும் எழாமல் போவது ரொம்பச் சாதாரணமான கோளாறு. டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள், அந்தக் கார்டை மறுபடி கிளப்பத் தவறிவிடுகிறது, அவ்வளவுதான். கார்டு நன்றாகத்தான் இருக்கும்.

"நான்தான் தினமும் ஷட் டவுன் செய்துதானே வைக்கிறேன், அப்படியும் வரவில்லையே, அப்போது ஹார்டுவேர்தானே போயிருக்கும்?" இதைக் கேட்காத வாரமே இல்லை. தயவுசெய்து இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு, பெரும்பாலான லேப்டாப்பில் அது ஆன் ஆகியேதான் வருகிறது. அது ஆனில் இருந்தால் நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் புரோகிராம்கள்தான் மூடப்படுகின்றன. விண்டோஸின் அடிப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த நாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகின்றன. அதாவது அதுவும் பாதி ஹைபர்னேட்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கடையைப் பூட்டிவிட்டேன் என்று சொல்வது மாதிரி. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். நம்பிக்கை இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸில் சிபியு-வைத் தொட்டு, கீழே 'அப் டைம்' என்று ஓடும் எண்ணைப் பாருங்கள், விண்டோஸ் கடைசியாக முதலில் இருந்து தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அது. தினமும் அணைக்கிறேன் என்று சொல்பவர்களின் மெஷினில் அது பல நாள் காட்டும். வாடிக்கையாளர்களிடம் நான் முதலில் காட்டுவதே இதைத்தான், அதைப் பார்த்த பிறகு யாரும் வாதாடுவதில்லை.

ஃபார்மட் போட்டால் ஏன் தீராது என்பதும் இதிலேயே இருக்கிறது. புது விண்டோஸிலும் அதே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில்தானே வரப்போகிறது?

சரி, என்ன செய்யலாம்? முதலில் ரீஸ்டார்ட். வந்துவிட்டால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாக இருந்து எடுக்க வராது, மேலே நீல எழுத்தில் இருக்கும் வரியை அழுத்தினால்தான் திறக்கும். பாதிப் பேர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸின் கீழ் உங்கள் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தக் கார்டை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கையும் எடுங்கள். புது மாடல்கள் சிலவற்றில் அந்தப் பகுதியே இருக்காது, பயப்பட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் டிரைவர்தான். லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அங்கிருந்து மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும்" சாஃப்ட்வேர் எதையும் ஏற்றாதீர்கள், அதை ஏற்றிவிட்டு சவுண்டும் போய் வந்தவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். நெட் இல்லாமல் எப்படி டவுன்லோடு செய்வது என்று கேட்பார்கள். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள், வைஃபை கார்டு இல்லாமலேயே நெட் வரும். நெட்வொர்க் செட்டிங்ஸை எல்லாம் பழைய நிலைக்கே கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட் கடைசியில்தான், ஏனென்றால் சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் அதில் அழிந்துவிடும். இந்த நேரத்தில் ரூட்டரை மாற்றப் போகிறவர்களும் உண்டு, போனில் அதே வைஃபை ஓடுகிறதா என்று ஒரு நொடி பார்க்கலாமே!

கார்டு உண்மையிலேயே போவதும் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. சார்ஜரைக் கழற்றி, முழுக்க அணைத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்த பிறகும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே வரவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போங்கள். சில சமயம் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கும். பெயர் வருகிறது, ஆனால் ரூட்டர் பக்கத்தில் வைத்தாலும் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கலாம். கார்டை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஃபார்மட் என்று வாயைத் திறந்தால், உங்கள் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து, அதில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்த பிறகு மட்டும் சம்மதியுங்கள்.