பாரம் சுமக்காத கம்புகள்தான் சாரத்தை நிறுத்தி வைக்கின்றன

கட்டடங்களின் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டப்படும் இரும்புச் சாரங்களில் பல நாடுகளில் ஒரே அளவு பைப்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதன் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். தகட்டுத் தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டர் பைப் சுமார் 4.4 கிலோ எடை இருக்கும். இதில் 2 மீட்டர் துண்டு ஒன்றை நேராக நிறுத்தி, இரண்டு முனைகளும் பக்கவாட்டில் நகராதபடி பிடித்துக்கொண்டு மேலிருந்து அழுத்தினால், அது வளைந்து விலக ஏறத்தாழ 7 டன் தேவைப்படும் என்கிறது கணக்கு.

7 டன்! சாரத்தின் ஒரு பலகையில் நாலு பேர் நின்றாலும், அவர்களுடைய கருவிகளையும் கலவைச் சட்டிகளையும் சேர்த்தாலும் அரை டன்னைத் தாண்டாது. அந்த அரை டன்னும் ஒரே காலில் இறங்குவதில்லை, பல கால்களுக்குப் பிரிந்து போகிறது. இவ்வளவு வலு கையில் இருந்தும் சாரங்கள் சரிகின்றன, உயிர்களும் போகின்றன. ஏன் என்று புரிந்துகொள்ள, நேராக நிற்கும் கம்பங்களை விட்டுவிட்டு, எந்தப் பாரத்தையும் சுமக்காததுபோலத் தெரியும் கம்புகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் விரலால் அழுத்திப் பாருங்கள். கோல் நசுங்காது. திடீரென்று நடுவில் வில்போல் வளைந்து ஒரு பக்கம் விலகும். ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும் எந்தக் கம்பமும் இப்படித்தான் தோற்கும். இதைக் கணக்காக்கியவர் கணிதமேதை லியோனார்ட் ஆய்லர். 1744ல் அவர் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அது சொல்லும் விஷயம் கொஞ்சம் அதிர்ச்சியானது. கம்பத்தின் நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

நம் பைப்புக்கே போட்டுப் பார்க்கலாம். 2 மீட்டரில் 7 டன் தாங்கிய அதே பைப், 4 மீட்டரில் 1.8 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகவும், 6 மீட்டரில் 800 கிலோவுக்கும் குறைவாகவும்தான் தாங்கும். 10 மீட்டருக்குப் போனால் 300 கிலோகூடத் தேறாது. இரும்பு அதே இரும்புதான், தடிமனும் அதேதான். இதுவும் பைப் துளியும் கோணாமல், பாரம் சரியாக நடுமையத்தில் இறங்கினால் கிடைக்கும் கணக்கு. பலமுறை கழற்றி மாட்டி, லாரியில் ஏற்றி இறக்கி, அங்கங்கே அடிபட்ட பைப் இதைவிடக் குறைவாகவே தாங்கும்.

ஆக, நீளம் என்று இங்கே சொல்வது பைப்பின் மொத்த நீளத்தை அல்ல. பக்கவாட்டில் நகர முடியாத ஒரு புள்ளியிலிருந்து அடுத்த அத்தகைய புள்ளி வரை உள்ள தூரம்தான் கணக்கில் வரும். 30 மீட்டர் உயரச் சாரத்தில்கூட, 2 மீட்டருக்கு ஒருமுறை கம்பத்தை நகரவிடாமல் பிடித்துவிட்டால் அது 2 மீட்டர் கம்பம் மாதிரி நடந்துகொள்ளும். சாரம் கட்டும் கலை முழுவதும் இந்தப் பிடித்துவைப்பதில்தான் இருக்கிறது என்பேன்.

பைப் ஏன் உள்ளே வெற்றாக இருக்கிறது என்பதற்கும் ஆய்லரிடமே பதில் உண்டு. வளைவதை எதிர்ப்பதில் நடுவில் உள்ள இரும்பைவிட ஓரத்தில் உள்ள இரும்புக்குத்தான் பங்கு அதிகம். அதே அளவு இரும்பை உருக்கி உருட்டுக் கம்பியாக வார்த்தால் அதன் விட்டம் 27 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் கம்பி 2 மீட்டரில் ஒன்றேகால் டன்தான் தாங்கும். உட்புறத்தை வெற்றாக்கியதால் மட்டுமே வலு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. மூங்கில் இதைத் தானாகவே செய்து வைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம், வலுவான நார்கள் வெளி ஓரத்தில் நெருக்கமாக, குழாய் நசுங்காமலிருக்க இடையிடையே கணுக்கள். ஹாங்காங்கில் உயரமான அடுக்குமாடிகளைச் சுற்றியும் நைலான் பட்டைகளால் மூங்கிலைக் கட்டியே சாரம் எழுப்பி வந்திருக்கிறார்கள்.

சாரத்தின் வயது கட்டடக்கலையின் வயதைவிடவே அதிகமாக இருக்கலாம். பிரான்ஸின் லாஸ்கோ குகையில் 17,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியங்களை ஒட்டி, பாறைச் சுவரில் குழிகள் இருக்கின்றன. மேலே வரைவதற்காக மரங்களைச் செருகிப் பரண் அமைத்த தடயம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரோமானியச் சுவர்களிலும் இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகளிலும் வரிசையாகச் சின்னச் சதுர ஓட்டைகளைப் பார்க்கலாம். சாரத்தின் குறுக்குக் கம்புகளை நேரே சுவருக்குள் செருகிவைத்த இடங்கள் அவை. சுவர் உயர உயர சாரமும் அதைப் பிடித்துக்கொண்டே உயர்ந்தது.

மரக் கம்புகளைக் கயிற்றால் கட்டும் முறைதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. கயிறு மழையில் நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் வேறு மாதிரி. இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் டேனியல் பால்மர் ஜோன்ஸ். கம்புகளை இணைக்க அவர் உருவாக்கிய உலோக இணைப்பு, 1913ல் பக்கிங்ஹாம் அரண்மனையைப் புதுப்பிக்கும் வேலையில் பயன்பட்டுப் பெயர் வாங்கியது. 1919ல் அதை மேம்படுத்திக் கொண்டுவந்த கிளாம்ப்தான் இன்று நாம் பார்க்கும் கிளாம்ப்களுக்கு முன்னோடி.

கிளாம்ப் பார்ப்பதற்குச் சாதாரணப் பொருள். இரண்டு பைப்களைக் கவ்வி, போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. பைப்பில் துளை கிடையாது, வெல்டிங் கிடையாது. பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு. 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ விசை கொடுத்தால் சுமார் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். கிளாம்ப்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவும் இதை ஒட்டியதுதான். திருகுமறை அந்த முறுக்கை டன் கணக்கான அழுத்தமாகப் பெருக்கிப் பைப்மேல் போடுகிறது. அதனால் நன்றாக முறுக்கிய ஒரு செங்கோணக் கிளாம்ப் 600 கிலோ அளவுக்குப் பாரத்தை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். சரியாக முறுக்காத கிளாம்பும் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். பயிற்சி பெற்ற ஆள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்ற விதி இதனால்தான்.

சரி, நிற்கும் பைப்களும் நெடுக்குப் பைப்களும் குறுக்குப் பைப்களும் சேர்ந்து கட்டம் கட்டமாக ஒரு கூடு வந்துவிட்டது. இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? செவ்வகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மூலைகள் கொஞ்சம் தளர்ந்தால் போதும், நான்கு பக்கங்களின் நீளமும் மாறாமலே அது சாய்ந்து இணைகரமாகிவிடும். முக்கோணத்தால் அது முடியாது. பக்க நீளங்கள் மாறாதவரை கோணங்களும் மாறாது. ஒவ்வொரு சாரத்திலும் ஒன்றிரண்டு பைப்கள் மூலைவிட்டமாகச் சாய்ந்து போவது இதற்காக. சுவருக்கு இணையாகச் சில, சுவருக்குச் செங்குத்தாக உள்பைப்புக்கும் வெளிப்பைப்புக்கும் நடுவே சில. யாரும் அவற்றின்மேல் நிற்பதில்லை, பலகையும் அவற்றில் உட்காருவதில்லை. அவை இல்லாவிட்டால் மூட்டுகள் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து நகரும். 2 மீட்டருக்கு ஒரு பிடிப்பு என்று நம்பியிருந்தோமே, அந்த நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

ஆட்கள் நடந்துபோக இடைஞ்சலாக இருக்கிறது என்று முதலில் கழற்றப்படுவதும் இந்தச் சாய்வுப் பைப்தான். கழற்றிய உடனே ஒன்றும் ஆகாது. அதனாலேயே அது அத்தனை ஆபத்து.

அடுத்தது சுவர்ப் பிடிப்பு. முகப்புச் சாரம் என்பது ஒரு மீட்டர் சொச்சம் அகலமும் பல மாடி உயரமும் உள்ள ஒரு மெல்லிய அமைப்பு. தானாக நிற்கும் சாரத்தின் உயரம் அடி அகலத்தைப்போல 4 மடங்கைத் தாண்டினால் அது கவிழாதபடி பிடித்துக்கட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. 1.2 மீட்டர் அகலத்துக்கு அது 5 மீட்டரைக்கூட எட்டாது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் கட்டடத்தின் தயவில் நிற்கிறது. சுவரில் துளையிட்டு ஆங்கர் பதித்து அதில் பைப்பைப் பூட்டலாம், தூணைச் சுற்றிப் பெட்டிபோல் பைப்களால் வளைத்துப் பிடிக்கலாம், ஜன்னல் திறப்புக்குள் திருகு வைத்து இறுக்கிப் பிடிக்கலாம்.

இந்தப் பிடிப்பு இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். சாரம் வெளியே சாயப் பார்க்கும்போது இழுத்துப் பிடிக்க வேண்டும், உள்ளே சாயப் பார்க்கும்போது தள்ளி நிறுத்த வேண்டும். காற்று இரண்டையும் செய்யும், ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் உறிஞ்சும். கம்பியால் கட்டிய கட்டு இழுக்க மட்டுமே உதவும், தள்ளினால் மடங்கிவிடும்.

காற்றின் பலத்தைக் குறைத்து எடைபோடுகிறோம். நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 25 கிலோ அழுத்தம் தரும். வெறும் பைப்களாக இருந்தால் இடைவெளி வழியே பெரும்பகுதி கடந்து போய்விடும். தூசு பறக்காமலிருக்கவும் மழை உள்ளே அடிக்காமலிருக்கவும் அதே சாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினால் கதை மாறுகிறது. 20 மீட்டர் உயரம், 30 மீட்டர் நீளம் என்றால் 600 சதுர மீட்டர், அதன்மேல் 15 டன் பக்கவாட்டு விசை. காற்றின் வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். மூடாத சாரத்துக்குப் போட்ட பிடிப்புகள் மூடிய சாரத்துக்குப் போதாது. பாதி வேலையில் யாரோ ஒருவர் தார்ப்பாய் கட்டச் சொன்னால், முதலில் பிடிப்புகளின் எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

பிடிப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது பிடித்திருக்கும் சுவரைவிட வலுவானதில்லை. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் குளிர்விக்கும் கோபுரம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சாரம் தரையில் நிற்கவில்லை. நாளுக்கு ஒரு வளையமாகக் கான்கிரீட் போட்டு, முந்தைய வளையங்களிலேயே சாரத்தைத் தொங்கவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் போட்ட கான்கிரீட் போதிய அளவு இறுகியிருக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது. மேல் வளையம் பெயர்ந்து, சாரமும் அதோடு சேர்ந்து சுற்றிலும் உரிந்து விழுந்தது. 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். சாரத்தின் பைப் எதுவும் அங்கே முதலில் தோற்கவில்லை.

கீழே தரையிலும் இதே கேள்விதான். ஒரு காலில் ஒன்றரை டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் சதுர அடித்தட்டு அதை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோவாக மண்ணில் இறக்கும். பெரும்பாலான மண் இதைத் தாங்காது. தட்டுக்கு அடியில் நீளமான கனத்த பலகை ஒன்றைப் போட்டால் அழுத்தம் ஏழில் ஒரு பங்குக்கு வந்துவிடும். பலகைக்குப் பதில் உடைந்த செங்கல்லை அண்டை கொடுத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஒரு கால் மட்டும் சில சென்டிமீட்டர் இறங்கினாலே அதன் பங்குப் பாரம் பக்கத்துக் கால்களுக்குத் தாவிவிடும்.

மேடையின் பாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பூச்சு, செங்கல் வேலைகளுக்கான சாரத்தை ஐரோப்பிய முறையில் பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். ஆட்களுக்கு இது தாராளம். ஆனால் செங்கல்லை நெருக்கமாக அடுக்கினால் 12 சென்டிமீட்டர் உயரத்திலேயே அந்த 200 கிலோ தீர்ந்துவிடும். அதனால்தான் பொருள் இறக்குவதற்கென்று தனியாக, கால்கள் நெருக்கமான ஒரு பகுதியைக் கட்டுகிறார்கள்.

இவ்வளவு தொல்லையும் அழுத்தத்தால் வருவது. இழுவிசையில் இந்தத் தொல்லை இல்லை. இழுக்கப்படும் கயிறு நெளிந்து விலகுவதில்லை, அதன் நீளம் எவ்வளவானாலும் சரி. வானளாவிய கட்டடங்களில் தரையிலிருந்து சாரம் எழுப்பாமல், மொட்டைமாடியிலிருந்து எஃகுக் கயிற்றில் தொட்டிலைத் தொங்கவிடுவது இதனால்தான். ஆனால் அங்கே கயிறு அறுந்தால் அடுத்த கம்பம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்க விதிகள் சாதாரணச் சாரம் அதிகபட்சப் பாரத்தைப்போல 4 மடங்கு தாங்க வேண்டும் என்கின்றன. தொங்கும் சாரத்தின் கயிற்றுக்கு அது 6 மடங்கு.

பிரிக்கும்போதும் வரிசை முக்கியம். மேலிருந்து கீழாக, ஒரு தட்டைப் பிரித்த பிறகே அந்தத் தட்டின் சுவர்ப் பிடிப்பு. கீழே உள்ள பிடிப்பை அவசரப்பட்டு முதலில் எடுத்தால், மிச்சமிருக்கும் கம்பங்களின் பிடிப்பில்லா நீளம் அந்த நொடியே கூடிவிடும். எனக்குத் தெரிந்து பிரிப்பதற்கே மிகக் கடினமாக இருந்தது பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் சாரம். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தபோது, கோபுரத்தைச் செப்பனிடக் கட்டிய சாரம் அங்கே நின்றது. ஏறத்தாழ 40,000 துண்டுகள். கோபுரம் விழுந்தது, சாரம் விழவில்லை. ஆனால் வெப்பத்தில் பைப்கள் முறுகி ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. எது எதைத் தாங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. ஒரு போல்ட்டையும் கழற்ற வழியில்லை. முதலில் அதைச் சுற்றி மூன்று மட்டங்களில் எஃகு உத்தரங்களால் வளைத்துக் கட்டினார்கள். பிறகு இருபுறமும் புதிதாகச் சாரம் எழுப்பி, அங்கிருந்து தொழிலாளர்கள் கயிற்றில் இறங்கி, பைப்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க, கிரேன் தூக்கி வெளியே வைத்தது. 2020 ஜூனில் தொடங்கிய அந்த வேலை நவம்பரில்தான் முடிந்தது.