மூன்று துளைகளும் ஒரு பென்சில் கோடும்

கையால் வரைந்த அனிமேஷனில் நான் முதன்முதலாக ஸ்கேன் செய்தது, ஒரு பையன் தலையைத் திருப்பிப் பார்க்கும் காட்சி. மொத்தம் பதினாறு தாள். ஒவ்வொன்றையும் ஸ்கேனர் கண்ணாடியின் மூலையில் ஒட்டினாற்போல் வைத்து, மூடியைச் சாத்தி, பொறுமையாக எடுத்தேன். கம்ப்யூட்டரில் வரிசையாக ஓட்டிப் பார்த்தால் பையன் தலையைத் திருப்பினான். ஆனால் குளிர்காய்ச்சல் கண்டவன் போல உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. அதே தாள்களைக் கையில் அடுக்கிப் புரட்டிப் பார்த்தபோது நடுக்கமே இல்லை. வரைந்ததில் பிழை இல்லை, ஸ்கேன் செய்த விதத்தில்தான் பிழை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், ஆக நொடிக்கு 12 ஓவியம். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) என்று ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் கிட்டத்தட்ட 12 பிக்சல் அடங்கும். தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் 6 பிக்சல் துள்ளும், அதுவும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை. சாய்வு இன்னும் மோசம். தாள் ஒரே ஒரு டிகிரி திரும்பினால், 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு புள்ளி நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். அதாவது ஐம்பது பிக்சல்! தாளின் ஓரத்தை நம்பியதுதான் என் தவறு. கட்டுக்கட்டாக வெட்டும் தாள்களின் ஓரம் ஒன்றுபோல் இருக்காது, மூலை மடங்கும், கைபட்டுத் தேயும்.

அதனால்தான் அனிமேஷன் தாளில் மூன்று துளை போடுகிறார்கள். நடுவில் ஒரு வட்டம், இரு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு துளை. இதற்கேற்ற மூன்று முளைகள் கொண்ட மெல்லிய பட்டைக்கு பெக் பார் என்று பெயர். நடு முளை தாளை ஓர் இடத்தில் நிறுத்துகிறது, பக்கத்து முளைகள் அதைத் திரும்ப விடாமல் பிடிக்கின்றன. வரையும்போது எந்த முளையில் மாட்டினோமோ அதே அளவு முளையில் ஸ்கேன் செய்யும்போதும் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பெக் பாரை டேப் போட்டு ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டு அந்தப் பதினாறு தாளையும் மறுபடி எடுத்தேன். பையன் நிதானமாகத் திரும்பிப் பார்த்தான்.

இந்த முளைகள் கம்ப்யூட்டருக்கு முந்தியவை. ஒரு காலத்தில் தாளிலிருந்து கோட்டை செல்லுலாய்டு என்ற ஒளி ஊடுருவும் தாளில் மசியால் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, கேமராவுக்கு அடியில் இதே முளைகளில் மாட்டி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து உருவாக்கிய கேப்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பு, 1990-ல் ஒரு முழுநீளப் படத்தையே ஸ்கேனர் வழியாகக் கொண்டுவந்தது. ஜப்பானில் ஸ்டூடியோ ஜிப்லி 1997-ல் ‘இளவரசி மோனோனோகே’யின் சில பகுதிகளுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வண்ணம் பூசியது. 1999-ல் வந்த யமதா குடும்பப் படத்தில் செல்லுலாய்டை முழுவதுமாகவே விட்டுவிட்டது.

சரி, தாள் அசையாமல் நின்றுவிட்டது. அடுத்து, எது கோடு, எது தாள் என்று முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கேனர் தன் விளக்கை நகர்த்திக்கொண்டே, தாளிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் புள்ளி புள்ளியாக அளந்து எண்ணாக்குகிறது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. பென்சில் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது கோடாகவே இருக்காது. தாளின் மேடான நார்களில் மட்டும் பென்சில் துகள் ஒட்டியிருக்கும், பள்ளங்களில் தாளின் வெள்ளை தெரியும். அழுத்தி இழுத்த இடத்தில் 70, கொஞ்சம் தள்ளி 130, கை தூக்கிய முனையில் 200 என்று எண்கள் சிதறிக் கிடக்கும். ரப்பர் போட்டு அழித்த தடமும் ஏறக்குறைய அதே 200-தான்.

இப்போது ஒரு வரம்பு எண்ணைச் சொல்ல வேண்டும்: இதற்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் வெள்ளை. 120 என்று வைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்து போகும். 210 என்று வைத்தால் அழித்த தடம், விரல் அழுக்கு எல்லாம் கறுப்பாக எழுந்து நிற்கும். முடி நுனி, இமை, உதட்டோரம் மாதிரி இடங்களில்தான் வரைந்தவரின் கை லேசாகத் தூக்கியிருக்கும், முதலில் பலியாவதும் அவைதான். எனவே அழுக்கு கொஞ்சம் தங்கினாலும் பரவாயில்லை என்று வரம்பை உயர்த்தியே வைப்பேன். அழுக்கைப் பிறகு துடைக்கலாம், போன இமையை மறுபடி வரையத்தான் வேண்டும். ஆனால் ஒரு காட்சிக்கு ஒரே எண்தான் வைக்க வேண்டும். தாளுக்குத் தாள் மாற்றினால் கோடு தடித்தும் மெலிந்தும் துடிக்கும்.

கோடு அறுந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. கம்ப்யூட்டரில் வண்ணம் பூசும்போது ஓர் இடத்தைத் தொட்டதும் வண்ணம் நாலா பக்கமும் பரவி, கோட்டில் முட்டி நிற்கும். வரப்பில் எலி வளை இருந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடுவது போல, ஒரு பிக்சல் இடைவெளி போதும், சட்டையின் நீலம் வானம் முழுக்க வழிந்துவிடும். சின்னச் சின்ன இடைவெளிகளைத் தானாக அடைக்கும் வசதி சாஃப்ட்வேரில் உண்டு. கோட்டின் ஓரத்தில் சாம்பல் பிக்சல் இருந்தாலும் தொல்லைதான், வண்ணம் அதற்கு முன்னாலேயே நின்று வெளிறிய விளிம்பு தெரியும். அதனால் கோட்டைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக வைத்து, வண்ணம் பூசி முடித்த பிறகே ஓரங்களை மிருதுவாக்குவது ஜப்பானிய வழக்கம்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு பழக்கமும் உண்டு. நிழலும் ஒளியும் தொடங்கும் எல்லைகளை சிவப்பு, நீலம், பச்சை பென்சிலில் வரைந்துவிடுவார்கள். ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அளப்பதால், எது உருவக் கோடு, எது நிழலின் எல்லை என்று சாஃப்ட்வேர் பிரித்துவிடும். வண்ணம் பூசியதும் அந்த எல்லைக் கோடு பக்கத்து வண்ணத்தில் கரைந்து போகும். கன்னத்தில் நிழல் விழுந்திருக்கும், அதைச் சுற்றி கோடு இருக்காது.

ஒரு நிமிடப் படத்துக்கே 720 தாள். ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் மாட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? ஸ்டூடியோக்களில் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர்தான். அது இழுக்கும்போது தாள் கொஞ்சம் கோணும். அங்கேயும் துளைகளே கைகொடுக்கின்றன. பின்னணி கறுப்பாக இருந்தால் வெள்ளைத் தாளில் மூன்று துளைகளும் கறுப்பாகத் தெரியும். அவற்றின் மையங்களைக் கண்டுபிடித்து, தாள் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்று கணக்கிட்டு, படத்தை சாஃப்ட்வேரே நேராக்கிவிடும். ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் என்ற மென்பொருள் 2016 மார்ச்சில் ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளியானது. பெக் பார் கூட இல்லாதவர்கள் துளையுள்ள தாளோடு அதை முயன்று பார்க்கலாம்.

தூசி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பெக் பார் ஒட்டிய கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் அது எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும், ஓட்டிப் பார்க்கும்போது கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. துளையை வைத்து சாஃப்ட்வேர் நேராக்கினால் கதை தலைகீழ்: ஓவியம் நிலைத்து நிற்கும், தூசி துள்ளிக் குதிக்கும். தாளை இழுக்கும் ஸ்கேனரில் ஒளியை அளக்கும் கண்ணாடிப் பட்டை அசையாது, தாள்தான் அதைக் கடந்து போகும். அங்கே உட்கார்ந்த ஒரு துகள், அடுத்து வரும் ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்கோடு இழுத்துவிடும். நாற்பது தாளுக்கு ஒரு தடவை நான் அந்தக் கண்ணாடிப் பட்டையை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுகிறேன்.