வன்மம் இல்லாத கெடுநோக்கம்

ஒருவருக்கு நம்மீது வன்மம் என்றால், பழைய பகையை மனத்தில் வைத்துக் கறுவிக்கொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலேயச் சட்டம் 'மாலிஸ்' என்று குறிப்பிடும் கெடுநோக்கத்துக்கு இந்தப் பகை தேவையில்லை. முன்பின் அறியாத ஒருவரை உயிர்போகும் அளவுக்கு அடித்தாலும், யாருடையவை என்று தெரியாமலே கால்நடைகளை முடமாக்கினாலும் அது கெடுநோக்கம்தான் என்று 1825-இல் பிராமேஜ் எதிர் பிராசர் வழக்கில் நீதிபதி பெய்லி விளக்கினார். நியாயமான காரணம் இன்றி, வேண்டுமென்றே செய்யப்படும் தவறான செயல் என்பதே அவர் வகுத்த இலக்கணம்.

செய்தவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1957-இல் வந்த கன்னிங்ஹாம் வழக்கு விடை சொன்னது. ஆளில்லாத வீட்டின் நிலவறையிலிருந்த எரிவாயு மீட்டரை, அதற்குள் கிடந்த சில்லறைக் காசுக்காக ஒருவர் சுவரிலிருந்து பிடுங்கிச் சென்றார். மீட்டரிலிருந்து இரண்டடி தொலைவில் வாயுவை நிறுத்தும் குழாய் இருந்தும் அவர் அதை மூடவில்லை. கசிந்த வாயு சுவரின் ஊடே பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த பெண்ணை மூச்சுத்திணற வைத்தது; அந்தப் பெண் அவருக்கு வருங்கால மாமியார். கெடுநோக்கம் என்றால் பொல்லாத்தனம் என்று விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குச் சொல்ல, தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திருடுவது பொல்லாத செயல்தான், ஆனால் அந்தக் குறிப்பிட்ட தீங்கை அவர் விரும்பியிருக்க வேண்டும், அல்லது அது நேரக்கூடும் என்று முன்னுணர்ந்தும் துணிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. ஒருவரின் குணத்துக்கு மதிப்பெண் போடுவது குற்றவியல் சட்டத்தின் வேலை அல்ல.

குறிவைத்தவர் தப்பி வேறொருவர் பலியானால் என்ன செய்வது? 1912-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை எதிர்கொண்டது. ஒருவரின் உயிருக்கு எடுத்திருந்த காப்பீட்டுப் பணத்துக்காக, குற்றவாளி அவருக்கு நஞ்சு கலந்த அல்வாவைக் கொடுத்தார். அவர் சிறிது தின்றுவிட்டு மீதியை எறிந்தார். அதை எடுத்துத் தின்ற சிறுமி இறந்துபோனாள், அவரோ பிழைத்துக்கொண்டார். சிறுமிமீது யாருக்கும் பகை இல்லை. ஆயினும், ஒரு நீதிபதி மாறுபட்டபோதும், பெரும்பான்மைத் தீர்ப்பு அதைக் கொலை என்றே கொண்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு இதற்கு இடமளித்தது.

அவதூறு வழக்குகளில் நிலைமை இன்னும் விசித்திரமானது. நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில் 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தம் பணி குறித்த அவதூறுக்கு இழப்பீடு கேட்கும் அரசு அதிகாரி 'உண்மையான கெடுநோக்கத்தை' நிரூபிக்க வேண்டும் என்றது. பொய் என்று அறிந்தோ, மெய்யா பொய்யா என்பதைப் பொருட்படுத்தாமலோ வெளியிடுவதே அதன் பொருள். ஆக, அதிகாரியை அடியோடு வெறுக்கும் பத்திரிகையாளர், தாம் எழுதியதை மெய்யென்று நம்பியிருந்தால் தப்பிவிடுவார். எந்தக் காழ்ப்பும் இல்லாமல் தெரிந்தே பொய் எழுதியவர் மாட்டிக்கொள்வார். இதே போக்கில்தான் 1994-இல் நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 'உண்மையான கெடுநோக்கம்' என்ற சொல்வழக்கு எத்தனை குழப்பம் தந்தது என்றால், ஜூரிகளுக்கு விளக்கும்போது அதைத் தவிர்த்து, வெளியிட்டவர் பொய் என்று அறிந்திருந்தாரா, அல்லது மெய்யா பொய்யா என்பதைப் பொருட்படுத்தாமல் இருந்தாரா என்று நேரடியாகக் கேட்பதே நல்லது என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.