செருப்பு கடித்த இடத்தில்

புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் நாள் முழுக்க அலைந்தால், சாயங்காலம் குதிகாலில் ஒரு கொப்புளம் எழும்பி நிற்கும். செருப்பு கடித்துவிட்டது என்போம். உள்ளே இரத்தமும் இல்லை, சீழும் இல்லை, தெளிந்த நீர்தான். அது தோலுக்கு அடியில் தேங்கியிருப்பதாகத்தான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் தேங்குவது தோலுக்குள்ளேயே. உராய்வு தாங்காமல் மேல்தோலின் நடு அடுக்கில் விரிசல் விழுகிறது. சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் கசிந்து அந்த இடத்தை நிரப்புகிறது. காலையில் அங்கே ஒரு செல்லை இன்னொரு செல் இறுகப் பிடித்திருந்தது. பிடி விட்டுப்போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே நமக்குத் தெரியவருகிறது.

அந்த நடு அடுக்கின் பெயர் முள் அடுக்கு. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் தோலைப் பதப்படுத்தும்போது செல்கள் கொஞ்சம் சுருங்கிவிடும். சுருங்கினாலும் சில புள்ளிகளில் மட்டும் பக்கத்துச் செல்லை விடுவதில்லை. அந்த இடங்களில் இழுபட்டு இழுபட்டு, ஒவ்வொரு செல்லும் நெருஞ்சிக்காய் மாதிரி சுற்றிலும் முள் முளைத்துத் தெரியும். முள்ளும் முள்ளும் சந்திக்கும் இடத்தில் சின்ன முடிச்சுகள் இருப்பதை இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோட்செரோ 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார். டெஸ்மோசோம் என்ற பெயர் 1920இல் வந்தது.

முடிச்சு என்பது பொருத்தமான சொல்தான். செல்லுக்குள் கெரட்டின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி டெஸ்மோசோமில் வந்து கட்டிக்கொள்கின்றன. நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே வகைப் புரதம். அங்கிருந்து சவ்வைத் தாண்டி வெளியே நீளும் புரதங்கள், எதிர்ச் செல்லிலிருந்து நீளும் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பக்கமும் இதே ஏற்பாடு. வெறும் பசை தடவி ஒட்டியிருந்தால் இழுப்பு முழுவதும் மெல்லிய சவ்வின் மேல் விழும், சவ்வே கிழிந்துவிடும். இங்கே ஒரு செல்லின் உள்கட்டு அடுத்த செல்லின் உள்கட்டோடு சேர்ந்திருப்பதால், ஒரு செல்லை இழுத்தால் அந்த இழுப்பை ஊரே பகிர்ந்துகொள்கிறது.

வெளியே நீளும் அந்தப் புரதங்கள் கேட்ஹெரின் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1970களின் நடுவில், கியோட்டோவிலிருந்து மசதோஷி டகேய்ச்சி என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வகம் ஒன்றுக்குப் போனார். டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரித்துவிட்டு, அவை மறுபடி எப்படி ஒட்டுகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. கியோட்டோவில் பிரித்த செல்கள் சீக்கிரமே ஒன்றுகூடிவிடும். பால்டிமோரில் அதையே செய்தால் ஒட்டவே இல்லை. எங்கே தவறு என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தவருக்கு விடை டிரிப்சின் கரைசலில் கிடைத்தது. அமெரிக்கக் கரைசலில் ஈடிடிஏ கலந்திருந்தது. அது கால்சியத்தை அள்ளிக்கொண்டு போய்விடும் பொருள். ஆக, செல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒரு புரதம் இருக்கிறது. கால்சியம் இருக்கும்வரை டிரிப்சினால் அதை வெட்ட முடியாது, கால்சியம் போனால் வெட்டுப்பட்டுவிடும். இந்த முடிவை 1977இல் வெளியிட்டார். அந்தப் புரதம்தான் பின்னாளில் கேட்ஹெரின் ஆனது.

காரணம் இப்போது தெளிவாகத் தெரியும். வழக்கமான கேட்ஹெரினின் வெளிப்பகுதி ஐந்து துண்டு கொண்ட கரும்பு மாதிரி. துண்டும் துண்டும் சேரும் கணுவில் கால்சியம் அயனிகள் உட்கார்ந்து அதை விறைப்பாக நிறுத்துகின்றன. கால்சியம் இல்லையென்றால் துவண்டுபோகும். துவண்டதை நொதி சுலபமாக நறுக்கிவிடும். ஒரு ஜோடியின் பிடி தனியாகப் பார்த்தால் பலவீனமானதுதான். தேங்காய் நார் ஒன்றைக் கையால் அறுத்துவிடலாம், கயிறாகத் திரித்தால் முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும்.

சரி, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்தாயிற்று. காலுக்கடியில்? மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் ஒரு மெல்லிய புரதப் பாயின் மேல் நிற்கின்றன. அதைப் பிடிப்பது கேட்ஹெரின் அல்ல, இன்டெக்ரின் என்ற வேறு புரதம். இரண்டும் தனித்தனிப் பிடிகள் என்பதைக் காட்ட இரண்டு நோய்களே போதும்.

பெம்பிகஸ் வல்காரிஸ் நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே டெஸ்மோசோமின் கேட்ஹெரினைத் தாக்குகிறது. பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கும். கொப்புளம் தொளதொளவென்று இருக்கும், தொட்டால் உடையும். அந்தத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால், மேலே இருந்த செல்கள் பிரிந்துபோயிருக்க, அடிவரிசை மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். பக்கத்துப் பிடி போய்விட்டது, காலடிப் பிடி போகவில்லை. கல்லறைக் கற்களின் வரிசை என்றே மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். முதியவர்களுக்கு அதிகம் வரும் பெம்பிகாய்டு நோயில் இதற்கு நேர்மாறு. காலடிப் பிடியில் இருக்கும் ஒரு புரதம் தாக்கப்படுகிறது. செல்கள் ஒன்றையொன்று விடாமல் மேல்தோல் மொத்தமாக எழும்பி வருகிறது. கூரை கனமாக இருப்பதால் கொப்புளம் விண்ணென்று இருக்கும், லேசில் உடையாது. காரணமில்லாமல் கொப்புளமோ ஆறாத வாய்ப்புண்ணோ வந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை.

செருப்புக் கடிக்கு அவ்வளவு பயம் வேண்டாம். கூரையை மட்டும் பிய்க்காமல் விடுங்கள். விரிசலுக்குக் கீழே அடிவரிசை அப்படியே இருக்கிறது. ஒரு நாளுக்குள் அங்கே செல்கள் மும்முரமாகப் பெருகத் தொடங்கிவிடும். புதிதாகப் பிறந்த செல் மேலே ஏற வேண்டுமானால் காலடிப் பிடியை விட வேண்டும், பக்கத்துப் பிடியை விடக்கூடாது. அது தன் இன்டெக்ரினைக் குறைத்துக்கொண்டு, டெஸ்மோசோம்களைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறது. பின்னாலேயே அடுத்தது. சில நாளில் பழைய கூரை காய்ந்து உரியும்போது, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரியும்.