‘இழுவை’ என்று தாண்டிப்போகும் காட்சிகளில் இருப்பது என்ன?

சண்டைப் படம் பிடித்தவர்களிடம் ‘தி ரெய்டு’ பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலர்ந்துவிடும். 2011-இல் வந்த இந்தோனேசியப் படம். ஜகார்த்தாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், உள்ளே நுழையும் போலீஸ் படை, வழிமறிக்கும் ரவுடிகள். கதை அவ்வளவுதான், ஆனால் மூச்சுவிட நேரமிருக்காது. 2014-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதே இயக்குநர் கேரத் எவன்ஸ், ராமா என்ற போலீஸ்காரனாக அதே இகோ உவாய்ஸ். இந்த முறை படம் இரண்டரை மணி நேரம். ராமா உளவு பார்க்க, யூதா என்ற பொய்ப் பெயரில் சிறைக்குப் போய், ஒரு தாதாவின் மகன் ஊச்சோவிடம் நட்புப் பிடித்து, அந்தக் கும்பலுக்குள்ளேயே நுழைகிறான். பார்த்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: சண்டை பிரமாதம், நடுவில் இழுவை.

சண்டையைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. சேற்றில் புரளும் சிறைக் கலவரமும், கடைசியில் வரும் சமையலறைச் சண்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்தவை. ஆனால் நான் மனநல மருத்துவர். காவல்துறையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் பேசக் கேட்ட பிறகு, இழுவை என்று தள்ளப்படும் பகுதிதான் இந்தப் படத்திலேயே உண்மைக்கு மிக அருகில் இருப்பதாகப் படுகிறது. (இனி கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்து உள்ளே போகிறான் ராமா. வருடக்கணக்காகிவிடுகிறது. வெளியே வந்தும் வீட்டுக்குப் போக முடியாது. மனைவியை போனில் கூப்பிட்டு, மகனின் குரலை மட்டும் கேட்கிறான். அடி இல்லை, உதை இல்லை. பொறுமை இழந்து பலர் ஓட்டிவிடும் இடம் இது. முதல் பாகத்தில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கர்ப்பிணி. அந்தக் குழந்தை வளர்வதை அவன் பார்க்கவே இல்லை.

பிரகோசோ என்ற கூலிக் கொலையாளியின் கிளைக்கதையையும் பலருக்குப் பிடிக்கவில்லை. முதல் பாகத்தில் செத்துப்போன வில்லனாக நடித்த யயான் ருஹியானே வேறு வேடத்தில் வந்ததில் குழப்பம் வேறு. பரட்டைத் தலையோடு, பிரிந்துபோன மனைவியைப் பார்க்க வந்து, பிள்ளைக்காகப் பணத்தை நீட்டுகிறான் அந்த ஆள். அவன் சாகும்போது ஜகார்த்தாவில் பனி பெய்கிறது! ‘அங்கே ஏது பனி’ என்று கேட்டவர்கள் ஏராளம். நியாயமான கேள்விதான். ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டு வேறென்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகப்பனைப் போன்றவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் மஃப்டி வேலை என்பார்கள். எல்லா மஃப்டி வேலையும் இப்படி ஆழமாக ஊடுருவுவதல்ல. ஆனாலும் வேறொரு ஆளாக நடித்துப் பழகி, நம்பவைத்து, பிறகு பிடித்துக் கொடுக்கிற வேலைக்கு ஒரு தனிச் சுமை உண்டு. ஒருவர் என்னிடம் சொன்னார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்): “அவன் பண்ணது தப்புதான் டாக்டர், உள்ள போக வேண்டியவன்தான். ஆனா அவங்க அம்மா கையால சாப்பிட்டிருக்கேன்.” அவருக்கு வேலை மீது சந்தேகமே இல்லை, பதக்கமும் கிடைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் மனைவி தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவார். என்னிடம் அவர் கேட்டது தூக்க மாத்திரை மட்டும்தான்.

எதிரி மீதான பயத்தைத்தான் சினிமா அதிகம் காட்டும். என் அனுபவத்தில் ஆட்களை உள்ளுக்குள் அரிப்பது, நம்பியவனை ஏமாற்றிவிட்டோம் என்ற குற்ற உணர்வு. ஊச்சோ ராமாவை நண்பன் என்றே நினைக்கிறான்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.-யைச் சேர்ந்த ஜோசப் பிஸ்டோன் 1976-இல் நகைத் திருடன் வேடத்தில் கிளம்பி, நியூயார்க் மாஃபியாவுக்குள் 1981 வரை இருந்தார். அவரது சாட்சியத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். வேலை முடிந்த பிறகும் அவரும் குடும்பமும் மறைந்து வாழ வேண்டியிருந்தது. பிரிட்டனில் நடந்தது இன்னும் கசப்பானது. மார்க் கென்னடி என்ற போலீஸ்காரர் 2003 முதல் ஏழு ஆண்டுகள் வேறு பெயரில் சுற்றுச்சூழல் போராட்டக்காரர்களோடு வாழ்ந்தார், உண்மை தெரியாத பெண்களோடு உறவு வைத்திருந்தார். இப்படி உளவுப் போலீஸாரால் ஏமாற்றப்பட்ட ஏழு பெண்களிடம் லண்டன் போலீஸ் 2015-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இந்த விவகாரத்தை விசாரிக்கத் தனி ஆணையமும் அதே ஆண்டு அமைக்கப்பட்டது. ஆகவே வேடம் போட்டவர் பாதிக்கப்படுவதை மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது சரியல்ல. அந்த வேடத்தை உண்மையென்று நம்பியவர்களுக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிய காயம்.

இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில், உடம்பெல்லாம் ரத்தமாக நிற்கும் ராமாவிடம் ஜப்பானியக் கும்பல்காரன் ஏதோ சொல்கிறான். அது நமக்குக் கேட்காது. ‘இல்லை, எனக்குப் போதும்’ என்கிறான் ராமா, படம் முடிகிறது. மூன்றாம் பாகத்துக்கு அடிபோடவில்லையே என்று ஏமாந்தவர்கள் உண்டு. நிஜத்தில் அந்த ‘போதும்’ வாயிலிருந்து வருவது ரொம்பக் கஷ்டம். சொன்னால் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள், துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள், பதவி உயர்வு போய்விடும் என்று பயம். “சீட்டுல என் பேர் வேணாம் டாக்டர்” என்று கெஞ்சுபவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அவை என்னென்ன என்று முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர் கடமை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கெட்ட கனவு, திடீர்க் கோபம், பிள்ளைகளிடமிருந்து ஒதுங்குவது, தினமும் குடித்தால்தான் தூக்கம் என்ற நிலை இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், ‘வேலை டென்ஷன்’ என்று விட்டுவிடாதீர்கள். பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் சேர்க்கலாம். வருடக்கணக்காக அதிகம் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்; வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். என்னிடம் பல சிகிச்சைகள் மனைவியோ அம்மாவோ தனியாக வந்து உட்கார்ந்ததில்தான் ஆரம்பித்தன.